சிப்பாயின் இலக்கணம்: வில்லியம் காபெட்டும் இங்கிலாந்து உழைக்கும் மக்களின் ஆங்கில இலக்கணக் கல்வியும்

ஆய்வுச்சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் உழைக்கும் மக்களுள் சிலர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசியவர்களாக இருந்தும், வயது வந்தபின் ஆங்கில இலக்கணத்தைத் தாமே முயன்று கற்றனர். அவர்களுள் ஒருவரான வில்லியம் காபெட் (1763 - 1835) தாம் கற்ற முறையையும், 1818இல் தம்மைப் போன்றோருக்காக வெளியிட்ட இலக்கண நூலையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பிழைகாட்டி மொழி கற்பிக்கும் முறையை ஒரு பேராயரின் நூலிலிருந்து பெற்ற சிப்பாய், பிற்காலத்தில் அதனை ஆள்வோரின் எழுத்தின்மீதே திருப்பினார் என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: ஆங்கில இலக்கணம், வயதுவந்தோர் கல்வி, வில்லியம் காபெட், ராபர்ட் லௌத், மனு உரிமை, மொழியும் அதிகாரமும்.

முன்னுரை

வயது வந்தபின் ஆங்கிலம் கற்றல் என்றவுடன் வேற்றுமொழி பேசுவோர் ஆங்கிலம் கற்றதே நினைவுக்கு வருகிறது. காலனிய நாடுகளின் கல்வி வரலாறு அந்த எண்ணத்தை வலுப்படுத்தியுள்ளது. ஆனால் இங்கிலாந்திலேயே, ஆங்கிலத்தைத் தவிர வேறொரு மொழி அறியாத சிப்பாய்களும் உழவர்களும் கைவினைஞர்களும் பகற்பொழுதின் உழைப்புக்குப் பின் இலக்கண நூலை விரித்துவைத்து ஆங்கிலம் கற்றதொரு வரலாறு உண்டு. அவர்களுக்குப் பேசத் தெரியும். பலருக்கு வாசிக்கவும் தெரியும். அவர்கள் கற்க முயன்றது, எழுதினால் ஏளனத்துக்கு இடமளிக்காத ஆங்கிலத்தை.

இம்முயற்சிக்குப் பின்னிருந்த அரசியலை ஒலிவியா ஸ்மித் 1984இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாக எடுத்துக்காட்டியது. 1791 முதல் 1819 வரையிலான காலத்தில் மொழி பற்றிய கருத்துகள் வாக்குரிமைப் பூசலின் பகுதியாகவே இயங்கின என்பது அவருடைய முடிவு. அதற்கு முன்பே இ. பி. தாம்ப்சன் தம் 1963ஆம் ஆண்டு நூலில் காபெட்டின் உரைநடைத் தொனி உழைக்கும் மக்களிடையே ஏற்படுத்திய விளைவை மதிப்பிட்டிருந்தார். இவ்விரு ஆய்வுகளின் வழிநின்று, ஆனால் காபெட் மாணவராக இருந்த காலத்துக்குக் கூடுதல் இடம் கொடுத்து, இக்கட்டுரை அமைகிறது. அவர் எழுதிய இலக்கணத்தின் இயல்பை விளக்குவதற்கு அவர் படித்த இலக்கணத்திலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது.

காவற்பணியில் இலக்கணம்

காபெட் சர்ரி மாவட்டத்தில் ஃபார்னம் என்னும் ஊரில் 1763இல் பிறந்தார். தந்தை சிறு உழவர். எழுதவும் வாசிக்கவும் தந்தையிடமே கற்ற காபெட், பதினொரு வயதில் தம்மிடமிருந்த மூன்று பென்சைக் கொடுத்து ஜொனாதன் ஸ்விஃப்டின் நூலொன்றை வாங்கிய செய்தியைப் பின்னாளில் பெருமையோடு எழுதியுள்ளார். ஆகவே எழுத்தறிவு அவருக்குச் சிறுவயதிலேயே வாய்த்துவிட்டது. வாய்க்காதது இலக்கணம்.

1784ஆம் ஆண்டளவில் படையில் சேர்ந்த காபெட், சாத்தம் படைமுகாமில் ஏறத்தாழ ஓராண்டு தங்கியிருந்தார். கையெழுத்து நன்றாக இருந்தமையால், முகாமின் தலைவராகிய கர்னல் டெபீக்கின் கடிதங்களைப் படியெடுக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. படியெடுப்பவரின் மொழிக்குறை கர்னலின் கண்ணுக்குத் தப்பவில்லை. இலக்கணம் கற்குமாறு அவர் அறிவுரை கூறினார். அந்த அறிவுரை ஏறக்குறைய ஆணையாகவே இருந்தது என்றும், கற்றுத் தேர்ந்தால் பரிசு உண்டு என்ற உறுதிமொழியும் அதனோடு சேர்ந்திருந்தது என்றும் காபெட் கூறுகிறார். இலக்கணத்தின் தேவை வகுப்பறையில் உணர்த்தப்படாமல் அலுவலக மேசையில், மேலதிகாரி ஒருவரின் பார்வையில் உணர்த்தப்பட்டது என்பது இங்கு நினைவில் வைக்கத்தக்கது. பின்னாளில் காபெட் எழுதிய இலக்கணம் முழுவதிலும் அந்தப் பார்வை பற்றிய விழிப்பு உண்டு.

கிடைத்த நூல் ராபர்ட் லௌத் 1762இல் வெளியிட்ட சுருக்கமான ஆங்கில இலக்கணம். காபெட் அதனை இரண்டு மூன்று முறை முழுமையாகப் படியெடுத்தார், மனப்பாடம் செய்தார், காலையும் மாலையும் ஒப்பித்தார். காவலுக்கு நிறுத்தப்படும்போதெல்லாம் முதலிலிருந்து இறுதிவரை ஒருமுறை மனத்துக்குள் சொல்லி முடிப்பதைத் தமக்குத் தாமே விதியாக்கிக்கொண்டார். அதே காலத்தில் அருகிலிருந்த பிராம்ப்டனில் வாடகை நூலகம் ஒன்றில் சந்தா கட்டி, அங்கிருந்த நாவல், நாடகம், வரலாறு, கவிதை நூல்களுள் பெரும்பாலானவற்றை ஒரு முறைக்கு மேல் படித்தார். அவருடைய சொல்வளம் பெரும்பாலும் இந்த வகைதொகையற்ற வாசிப்பிலிருந்து வந்ததாகக் கொள்ளலாம். லௌத்தின் நூல் சொற்களைக் கற்பிப்பதன்று.

இக்கல்விக்கு அவர் கொடுத்த விலையை 1829இல் எழுதத் தொடங்கிய 'இளைஞர்க்கு அறிவுரை' என்னும் நூல் விவரிக்கிறது. நாட்கூலி ஆறு பென்ஸ். உணவுச் செலவு போக ஓர் ஆளுக்கு வாரம் இரண்டு பென்சே மிஞ்சும். படுக்கையின் விளிம்பே இருக்கை, முதுகுப்பையே நூற்பேழை, மடிமேல் வைத்த பலகைத் துண்டே எழுதுமேசை. மெழுகுதிரி வாங்கப் பணமில்லாததால் குளிர்கால மாலைகளில் அடுப்பு நெருப்பின் வெளிச்சமே துணை, அதுவும் தம் முறை வரும்போது மட்டும். எழுதுகோலோ தாளோ வாங்க வேண்டுமானால் உணவில் ஒரு பகுதியைத் துறக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலை உப்பிட்டுப் புகையூட்டிய மீன் ஒன்று வாங்குவதற்கென ஒருமுறை அரைப்பென்னி மிச்சம் பிடித்து வைத்திருந்தார். இரவில் உடை மாற்றும்போது அது தொலைந்துபோயிருப்பது தெரியவந்தது. கிழிந்த போர்வைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு குழந்தையைப் போல் அழுததாக எழுதுகிறார்.

இச்சான்றுகளை அப்படியே ஏற்பதில் எச்சரிக்கை தேவை. சாத்தம் நாட்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் காபெட்டின் வாய்மொழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. அவரோ தம்மைத் தாமே பாத்திரமாக்கிக்கொள்வதில் வல்லவர். மனப்பாடம் செய்த கதையை அவர் முதலில் சொன்னது 1796இல், ஃபிலடெல்ஃபியாவில், பிரெஞ்சுப் புரட்சியின் எதிரியாக, முடியாட்சியின் ஆதரவாளராக எழுதிக்கொண்டிருந்தபோது. அங்கே அக்கதை, பிறர் தயவின்றி உயர்ந்த நேர்மையான ஆங்கிலேயரின் கதை. 1829இல் அடுப்பு வெளிச்சமும் அரைப்பென்னியும் சேர்ந்து அது மீண்டும் சொல்லப்பட்டபோது அவர் நாடாளுமன்றச் சீர்திருத்தத்தின் முதன்மைக் குரல்களுள் ஒருவர். அரசியல் தலைகீழாக மாறிய பின்னரும் இலக்கணம் கற்ற கதை மட்டும் மாறாமல் இரு முகாம்களுக்கும் பயன்பட்டது. வறுமையில் கற்ற கதைகளுக்கு இந்த வசதி எப்போதும் உண்டு.

லௌத்தின் அடிக்குறிப்புகள்

காபெட் காவற்பணியில் ஒப்பித்துக்கொண்டிருந்த நாட்களில் அந்நூலின் ஆசிரியர் லண்டன் பேராயராக இருந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராகப் பணியாற்றியவர்; எபிரேயப் புலமைக்குப் பெயர்பெற்றவர். படைவீரர்களின் கைக்கு எட்டவேண்டும் என்று எண்ணி அவர் அந்நூலை எழுதவில்லை. வீட்டில் தனிப்பட்ட முறையில் கற்போர்க்கு உரியதாகவே அது அமைந்தது. பயிற்சி வினாக்கள் இல்லை. ஆசிரியர் துணையின்றிக் கற்பவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் போக்கும் இல்லை.

ஆனால் அதில் வேறொன்று இருந்தது. விதிகளை மேலே கூறிவிட்டு, அவ்விதிகளை மீறிய எடுத்துக்காட்டுகளை லௌத் அடிக்குறிப்புகளில் அடுக்கினார். அங்கே பிழை செய்தவர்கள் சாமானியர் அல்லர். ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட், விவிலியத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் ஆகியோரே குற்றவாளிக் கூண்டில் நின்றனர். ஆங்கிலத்தின் தலைசிறந்த எழுத்தாளரும் இலக்கணத்தில் வழுவியுள்ளனர் என்பது லௌத்தின் நோக்கில், இலக்கணம் கற்பதன் இன்றியமையாமைக்குச் சான்று. வாரம் இரண்டு பென்ஸ் மிஞ்சும் சிப்பாய் ஒருவர் அதே அடிக்குறிப்புகளை நாள்தோறும் ஒப்பிக்கும்போது கிடைக்கும் பாடம் அதனினும் வேறானது. உயர்ந்தோர் எழுதுவது உயர்ந்தோர் எழுதியதனாலேயே சரியாகிவிடாது, அதனைச் சோதிக்கலாம், சோதிப்பதற்கு வேண்டிய கருவி சிறியதொரு நூலில் அடங்கிவிடும்.

லௌத்தின் நூலுக்குப் பின் பள்ளிகளை ஆட்கொண்டது லிண்ட்லி மரேயின் இலக்கணம். அமெரிக்காவில் பிறந்து யார்க் நகரில் குடியேறிய வழக்குரைஞரான அவர், அங்கிருந்த பெண்கள் பள்ளி ஒன்றின் தேவைக்காக 1795இல் அதனை எழுதினார். பிழையான தொடர்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் பயிற்சிகள் பரவலாவதற்கு மரே பெரிதும் காரணமானார். ஆனால் அத்தொடர்கள் பெயரற்றவை. லௌத்திடம் இருந்த, பிழை இன்னாருடையது என்னும் குறிப்பு மங்கியது.

வேற்றுமொழியினருக்குக் கற்பித்த ஆண்டுகள்

1791 இறுதியில் படையிலிருந்து விடுபட்ட காபெட், தம் படைப்பிரிவின் அதிகாரிகள்மீது ஊழல் குற்றம் சாட்டி, வழக்கு தமக்கே எதிராகத் திரும்பும் என்று கண்டு பிரான்சுக்கும் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் சென்றார். டெலவேரிலும் பின்னர் ஃபிலடெல்ஃபியாவிலும் அவருடைய பிழைப்பு ஆங்கில ஆசிரியப் பணி. புரட்சியிலிருந்து தப்பிவந்த பிரெஞ்சுக்காரர்கள் அவருடைய மாணவர்கள். பெரும்பாலோர் வயது வந்தவர்கள். பிற்காலத்தில் ஐரோப்பிய அரசியலின் பெரும்புள்ளியாகிய தாலிராண்ட் தம்மிடம் ஆங்கிலம் கற்க வந்து கேட்டதாகவும் தாம் மறுத்துவிட்டதாகவும் காபெட் எழுதியுள்ளார்.

அம்மாணவர்களுக்காக அவர் பிரெஞ்சு மொழியில் எழுதிய ஆங்கில இலக்கணம் 1795இல் ஃபிலடெல்ஃபியாவில் வெளியாயிற்று. பிற்பாடு பிரான்சிலும் அது பலமுறை பதிப்பிக்கப்பெற்றது. காபெட்டைப் பற்றிய ஆய்வுகளில் இந்நூலுக்குப் போதிய இடம் தரப்படுவதில்லை. அவருடைய அரசியல் எழுத்துகளின் பேரொலியில் அது மறைந்துவிடுகிறது. ஆனால் லௌத்திலிருந்து 1818ஆம் ஆண்டு இலக்கணத்துக்குச் செல்லும் வழியில் இதுவே நடுப்படி. ஆங்கிலம் பேசத் தெரியாத ஒருவருக்கு, காதுக்கு ஒத்துவருகிறதா என்று பார் எனச் சொல்ல இயலாது. ஒவ்வொரு வழக்குக்கும் காரணம் காட்ட வேண்டும். தம் மொழியை அயலார் கண்கொண்டு பார்க்கும் இப்பழக்கம், பின்னர் உழவர் மக்களுக்கு எழுதும்போது காபெட்டுக்குக் கைகொடுத்தது. அவருடைய 1818ஆம் ஆண்டு நூலில் ஏன், எதனால் என்னும் விளக்கங்கள் மிகுந்திருப்பதற்கு இந்த ஆசிரிய அனுபவம் ஒரு காரணமாகலாம்.

மனுவின் மொழி

இங்கிலாந்தில் வாக்குரிமை இல்லாத பெரும்பான்மை மக்களுக்கு நாடாளுமன்றத்தோடு பேசுவதற்கு இருந்த சட்டப்படியான வழி மனு ஒன்றே. 1793இல் ஷெஃபீல்டு நகர மக்கள் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கோரி அனுப்பிய மனுவைக் காமன்ஸ் அவை ஏற்க மறுத்தது. அதன் மொழி அவைக்கு உரிய மரியாதை உடையதாக இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 1817இல் வந்த மனுக்களுள் மிகப் பல, கையால் எழுதப்படாமல் அச்சிடப்பட்டவை என்பதற்காகத் தள்ளப்பட்டன. கோரிக்கையின் நியாயம் விவாதத்துக்கு வருமுன்னரே அதன் சொற்கள் வாயிலில் நிறுத்தி விசாரிக்கப்பட்டன. பிழையின்றி, பணிவும் கண்ணியமும் தோன்ற எழுதுவது எப்படி என்னும் அறிவு, குடிமக்களுக்கு நுழைவுச்சீட்டுப் போன்றதாயிற்று.

அவ்வறிவு பள்ளியில் கிடைத்ததா என்பதையும் பார்க்க வேண்டும். ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளிகள் இக்காலத்தில் பெருகின என்பது உண்மை. அவற்றுள் ஒரு பெரும்பகுதி பின்பற்றிய முறைக்குச் 'சென்னை முறை' என்றே பெயர். எழும்பூரில் இருந்த ஆதரவற்ற ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனைத் தம் காப்பகத்தில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அதனோடு இணைத்து 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 1811இல் தொடங்கப்பட்ட தேசியச் சங்கத்தின் பள்ளிகள் அம்முறையை இங்கிலாந்தெங்கும் கொண்டு சென்றன. தமிழ்நாட்டுத் திண்ணையின் மணற்பரப்பு ஆங்கில ஏழைகளின் எழுத்தறிவுக்கு உதவிய இச்செய்தி நம்மிடையே பலமுறை எடுத்துரைக்கப்பட்டுள்ளது. அதிகம் எடுத்துரைக்கப்படாத செய்தி, ஏழைக் குழந்தைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டியதில்லை என்று பெல்லே எழுதினார் என்பது. விவிலியத்தை வாசிக்கும் அளவு போதும் என்பது அவர் கருத்து. பல ஞாயிற்றுப் பள்ளிகளிலும் ஓய்வுநாளில் எழுத்துக் கற்பிப்பது தகாது என்று விலக்கப்பட்டிருந்தது.

வாசிப்பு ஒரு திசையில் செல்வது. சொல்லப்பட்டதைப் பெற்றுக்கொள்வதற்கு அது போதும். எழுத்தும் அதற்கு மேற்பட்ட இலக்கணமும் மறுமொழி சொல்வதற்கு உரியவை. பள்ளி முன்னதைக் கொடுத்துப் பின்னதை நிறுத்திவைத்தது. நிறுத்திவைக்கப்பட்டதை, வேண்டியவர் வயது வந்தபின் தம் செலவில், தம் ஓய்வு நேரத்தில் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

1818ஆம் ஆண்டு இலக்கணம்

1816 நவம்பரில் காபெட் தம் வார இதழின் தலைமைக் கட்டுரையைத் தனித்தாளாக இரண்டு பென்சுக்கு வெளியிடத் தொடங்கினார். செய்தித்தாள் வரியைத் தவிர்க்கும் உத்தி அது. ஆயிரக்கணக்கில் விற்ற அத்தாள் மதுக்கடைகளிலும் பட்டறைகளிலும் உரக்க வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு விசாரணையின்றிச் சிறைவைப்பதைத் தடுக்கும் ஆட்கொணர்வுச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டதும், ஏற்கெனவே 1810 முதல் 1812 வரை நியூகேட் சிறையில் இருந்த காபெட் மீண்டும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். லாங் ஐலண்டில் வாடகைக்குப் பிடித்த பண்ணை ஒன்றில் இருந்தபடி 1817 இறுதியில் அவர் எழுதியதே இந்த இலக்கணம். 1818இல் நியூயார்க்கிலும் லண்டனிலும் வெளியாயிற்று.

பதினான்கு வயது மகன் ஜேம்சுக்கு எழுதும் கடிதங்களாக நூல் அமைந்துள்ளது. பள்ளிகளுக்கும் இளைஞருக்கும் உரியதென்றாலும், சிப்பாய்கள், மாலுமிகள், தொழில் பழகுநர், ஏரோட்டும் சிறுவர் ஆகியோருக்கே சிறப்பாக உரியது எனத் தலைப்பே அறிவிக்கிறது. இப்பட்டியலில் முதலிடம் சிப்பாய்க்கு. சாத்தம் முகாமில் தமக்குக் கிடைக்காத நூலை முப்பதாண்டுக்குப் பின் காபெட் எழுதினார் என்று கூறுவது மிகையாகாது.

நூலின் வைப்புமுறையில் புதுமை குறைவு. எழுத்து, சொல், அசை, தொடர் என்னும் பகுப்பு லத்தீன் மரபிலிருந்து வந்தது. அதனைக் காபெட் ஏற்றுக்கொள்கிறார். புதுமை எடுத்துக்காட்டுகளில் உள்ளது. தொகுதிப் பெயர்களுக்கு அவர் தரும் பட்டியலில் கும்பல், நாடாளுமன்றம், படைப்பிரிவு, அரசரின் உயர்நீதிமன்றம், திருடர் குகை ஆகியவை ஒரே வரிசையில் நிற்கின்றன. பலரைக் குறிக்கும் பெயருக்கு ஒருமை வினை வருமா, பன்மை வினை வருமா என்பதே அங்குப் பாடம். விதி நினைவில் நிற்கிறதோ இல்லையோ, அப்பட்டியல் நிற்கும். ஒருமை பன்மை இயைபு, காலம், நிபந்தனைத் தொடர் என எதனை விளக்கினாலும் அரசாங்கக் கடன், வரி, இருக்கைகளை விலைபேசும் தேர்தல் தொகுதிகள் ஆகியவை எடுத்துக்காட்டுத் தொடர்களில் நுழைந்துவிடுகின்றன.

சுட்டுப்பெயர் பற்றிய பகுதி தனியே குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் 'இட்' என்னும் சிறு சொல்லே எழுதுவோர்க்குப் பெருந்தொல்லை என்பது காபெட்டின் கருத்து. எதனைச் சுட்டுகிறது என்று தெளியாமல் அச்சொல்லைத் தாளில் வைக்கக் கூடாது என்று மகனை எச்சரிக்கிறார். தமிழில் 'அது' என்பதை எழுவாய் தெரியாமல் அடுக்கிச் செல்லும் உரைநடையைத் திருத்த நேர்ந்தவர்கள் இவ்வெச்சரிக்கையின் அருமையை அறிவர். காபெட்டைப் பொறுத்தவரை இது நடையழகு பற்றிய கவலையன்று. யார் செய்தார், எதனைச் செய்தார், யாருக்குக் கேடு என்பவை மங்கிப்போகும் தொடர் எப்போதும் வலியவருக்கே துணைசெய்யும் என்று அவர் நம்பினார். சட்டங்களும் அரசாணைகளும் அத்தகைய தொடர்களால் நிறைந்திருப்பதை அவர் கண்டிருந்தார்.

சொற்களைப் பொறுத்தவரை அவருடைய அறிவுரை சுருக்கமானது. பொருள் தெரியாத சொல்லைப் பயன்படுத்தாதே; முதலில் மனத்தில் தோன்றும் சொல்லே பெரும்பாலும் ஏற்றது. லத்தீன், கிரேக்க வேர்களுடைய அருஞ்சொற்களைக் கற்றால்தான் கற்றவராவோம் என்ற எண்ணம், தாமே கற்போரிடம் வலுவாக இருந்த காலம் அது. அகராதியிலிருந்து அருஞ்சொற்களைப் பொறுக்கித் தம் எழுத்தில் ஒட்டவைப்பதால் அவர்கள் நகைப்புக்கே உள்ளாயினர். அந்த வலையில் விழாதவாறு காபெட் தம் வாசகரைக் காக்க முயன்றார். ஆயினும் இவ்வறிவுரையில் ஒரு மறைப்பு உண்டு. முதலில் தோன்றும் சொல் நல்ல சொல்லாக இருப்பதற்குப் பிராம்ப்டன் நூலகத்தை ஒருமுறை படித்து முடித்திருக்க வேண்டும்.

ஆறு பாடங்கள்

1823ஆம் ஆண்டுப் பதிப்பில் காபெட் ஆறு பாடங்களைச் சேர்த்தார். அரசியலாளர் பிழையான இலக்கணத்தில், கோணலான நடையில் எழுதாமல் தடுப்பதற்காக என்று அவற்றுக்கு முகவுரையும் கூறினார். காமன்ஸ் அவைத் தலைவர் மேனர்ஸ் சட்டன் ஆட்சிப் பொறுப்பிலிருந்த இளவரசர் முன் ஆற்றிய உரை, இளவரசரின் சொந்த உரைகள், வெளியுறவு அமைச்சர் காசில்ரீயின் குறிப்பு, வெலிங்டன் கோமகனின் குறிப்பு, அயர்லாந்து பற்றி வெல்லெஸ்லி பிரபு அனுப்பிய கடிதம், பேராயர் ஒருவரின் அறிவுரை ஆகியவை தொடர் தொடராகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் வழுவும் காட்டப்பட்டுத் திருத்தப்பட்டன. வெல்லெஸ்லி தமிழ்நாட்டு வரலாற்றுக்குப் புதியவர் அல்லர். 1799இல் தஞ்சையும் 1801இல் ஆற்காடு நவாபின் ஆட்சிப்பகுதியும் கும்பினியின் கைக்கு வந்தது அவர் தலைமை ஆளுநராக இருந்தபோதுதான். அவருடைய கடிதமும், அவருடைய தம்பியாகிய வெலிங்டனின் குறிப்பும் ஏரோட்டும் சிறுவருக்கான பிழைதிருத்தப் பயிற்சிகளாயின.

லௌத்தின் அடிக்குறிப்பு முறை இங்கே முழுமை பெறுகிறது. பேராயர் லௌத் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் திருத்திய அதே வழியில், அவரிடம் கற்ற சிப்பாய் அமைச்சர்களையும் ஒரு பேராயரையும் திருத்தினார். மரேயின் பெயரற்ற பயிற்சித் தொடர்களுக்கு அவர் மீண்டும் பெயர்களை ஒட்டினார். உழைப்பாளரின் மனு மொழிக்குறையால் தள்ளப்படுமாயின், ஆள்வோரின் அரசாணை அதே குறையால் ஏன் தள்ளப்படலாகாது என்னும் வினா ஆறு பாடங்களிலும் ஊடாடுகிறது.

இவ்வாதத்தின் எல்லையையும் சுட்ட வேண்டும். வாயிற்காவலரின் அளவுகோல் தவறானது என்று காபெட் ஓரிடத்திலும் கூறவில்லை. அதே அளவுகோலைக் காவலர்மீதும் வைத்துப் பார்க்கச் சொன்னார். இலக்கண வழு இருந்தால் சிந்தனையும் வழுவுடையது என்னும் கருத்தை அவர் ஏற்றார். அதனால் வட்டார வழக்கில் தம் துன்பத்தைத் தெளிவாக எடுத்துரைத்த ஒருவரின் எழுத்துக்கு அவருடைய முறையில் தற்காப்பு இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் லத்தீனும் கிரேக்கமும் கற்றவர்களைவிடத் தாம் பிழையின்றி எழுதுவதில் அவர் கொண்ட பெருமிதம், அந்த அளவுகோலின்மீதான நம்பிக்கையையும் உள்ளடக்கியது. 1833இல் ஏழைக் குழந்தைகளின் பள்ளிகளுக்கு அரசு முதன்முறையாக 20,000 பவுண்டு ஒதுக்கியபோது அவர் எதிர்த்து வாக்களித்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். அரசு நடத்தும் கல்வி அடிமைகளையே உருவாக்கும் என்பது அவர் அச்சம். பெல்லின் பள்ளிகளை நினைத்தால் அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அடுப்பு நெருப்பில் படிக்கும் மனவுறுதி எல்லோர்க்கும் வாய்க்கும் என்றும் அவர் எண்ணிவிட்டதாகத் தோன்றுகிறது.

நூலின் 1820ஆம் ஆண்டுப் பதிப்பு அரசி கரோலினுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஜெர்மனியில் பிறந்து, மணமாகி இங்கிலாந்துக்கு வந்த கரோலினுக்கு ஆங்கிலம் தாய்மொழியன்று. அவ்வாண்டில் அவரை மணவிலக்கி, அரசிப் பட்டத்தைப் பறிக்க நாடாளுமன்றத்தில் சட்டமுன்வரைவு வந்தபோது, அரசருக்கு அவர் விடுத்த புகழ்பெற்ற கடிதத்தை எழுதிக்கொடுத்தவர் காபெட். கர்னலின் கடிதங்களைப் படியெடுத்த கை அரசிக்காகவும் எழுதிற்று. சிப்பாய், மாலுமி, ஏரோட்டும் சிறுவர் எனத் தலைப்பில் ஆண்களையே வரிசைப்படுத்திய நூலின் முகப்பில் இடம்பெற்ற பெண், வயது வந்தபின் ஆங்கிலத்தில் வாழ நேர்ந்த ஓர் அரசி.

சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின் நடந்த முதல் தேர்தலில், 1832 டிசம்பரில், ஓல்டாம் நகரம் காபெட்டைக் காமன்ஸ் அவைக்கு அனுப்பியது. 1833 ஜனவரியில் அவை கூடியபோது முதல் அலுவல் அவைத்தலைவர் தேர்வு. முன்மொழியப்பட்டவர்களுள் ஒருவர், முதற்பாடத்தில் எவருடைய உரையின் பிழைகளைக் காபெட் எண்ணிக் காட்டியிருந்தாரோ அதே மேனர்ஸ் சட்டன். அறுபத்தொன்பது வயதில் அவ்வவையில் முதன்முறையாக எழுந்து பேசிய காபெட், அவருக்கு எதிராகப் பேசினார். மேனர்ஸ் சட்டன் பெரும்பான்மை பெற்று மீண்டும் அவைத்தலைவரானார்.